சக்களத்தியின் கான்சல்

அயல்நாட்டுத் துறைமுக நகரமான துவாலாவில் எங்கள் நாட்டுத் துணைத் தூதராக, அதாவது கான்சலாக, வந்த மூன்றாம் ஆண்டில் சொக்னா மேடத்துக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைப்பையை மேசையில் வைப்பார். கண்ணாடியை மாட்டிக்கொள்வார். போனைத் திறந்து, தன் கணவருடைய இரண்டாவது மனைவி அன்றைக்கு என்ன படம் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே கூப்பிடுவார். நான் லந்திங், பாஸ்போர்ட் கவுன்டரில் இருப்பவன். படத்தைப் பார்த்த முகத்தை வைத்தே, எந்தக் காகிதத்தை இன்று கையெழுத்துக்குக் கொண்டுபோகலாம், எதை நாளைக்குத் தள்ளலாம் என்று முடிவு செய்துகொள்வேன்.

அவர் எங்கள் தலைநகரான டக்காரை விட்டுப் புறப்பட்டு வந்து ஆறேழு மாதத்திலேயே அவருடைய கணவர் மாபாத்தே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் ஊரில் அது குற்றமும் இல்லை, அதிசயமும் இல்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் போனில் சொன்னாராம்: "நீ சட்டம் படிச்சவ, உனக்குப் புரியும்." புதுப் பெண்ணின் பெயர் ரொகாயா. தலை பின்னும் கடையில் வேலை. மேடத்தைவிட இருபது வயது சின்னவள்.

இரண்டு மனைவி உள்ளவன் நாட்களை முறை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒருத்தி விமானத்தில் போகும் தூரத்தில் இருந்தாலும் அவள் முறை அவளுடையதுதான். முதல் வருஷம் மாபாத்தே இரண்டு தடவை வந்தார். அவருக்காக நான் விமான நிலையம் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்திலும் ரொகாயா. ரொகாயாவுக்குக் காய்ச்சல். ரொகாயாவுக்கு மசக்கை. ரொகாயாவுக்குக் கரு கலைந்துவிட்டது, இப்போது தனியாக விட முடியாது. மேடம் யாரிடமும் வீட்டு விஷயம் பேசுகிறவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்: "என் முறையையும் சேத்து அவளே தின்னுட்டா, லந்திங்."

அந்த ஆகஸ்டில் மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. கவுன்டரில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. எங்கள் கான்சலேட் ஒரு பழைய மாடிவீடு. கீழே அலுவலகம், மேலே மேடம் குடியிருப்பு, முற்றத்திலிருந்து மாடிக்குத் தனிப் படிக்கட்டு, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். வெளியே யாரோ ஒரு பெண் எங்கள் காவலாளியோடு வாக்குவாதம் செய்யும் சத்தம் கேட்டது. "மேல ஆம்பளை யாரும் இல்லம்மா" என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் அடங்கியது. போய்விட்டாள் என்று நினைத்தேன்.

முதலில் ஒரு ஜோடி செருப்பு சுவரைத் தாண்டி உள்ளே வந்து விழுந்தது. அடுத்து ஒரு பை. அதற்கடுத்து நீலத் தலைத்துணி கட்டிய தலை ஒன்று. அவளை ஏற்றி வந்த மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரன் வண்டியைச் சுவரோரமாக நிறுத்திப் பிடித்துக்கொள்ள, சீட்டின் மேல் ஏறி நின்று அவள் சுவர் மேல் கால் போட்டுவிட்டாள். முற்றத்தில் தொப்பென்று குதித்தாள். எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேரே மாடிப்படிக்கு ஓடி, மேடத்தின் வீட்டுக் கதவை இரண்டு கைகளாலும் இடிக்கத் தொடங்கினாள்.

"மாபாத்தே! வெளிய வா! நீ உள்ளதான் இருக்கன்னு எனக்குத் தெரியும்!"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க்காரர்கள். ஒரு சொல் விடாமல் அத்தனையும் புரிந்தது. பாஸ்போர்ட் புதுப்பிக்க வந்திருந்த மீன் வியாபாரி என்னைப் பார்த்து, "இது எந்தக் கவுன்டர்ல வரும், அண்ணே?" என்றான்.

சொக்னா மேடம் அறையிலிருந்து முற்றத்துக்கு வந்தார். தலையைத் தூக்கிப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனை படம் பார்த்திருக்கிறார்! ஆனால் அவர் கண் முகத்தில் நிற்காமல் உடையில் போய் நின்றதை நான் பார்த்தேன். பக்ரீத்துக்கு மாபாத்தே இரண்டு பேருக்கும் ஒரே நீலத் துணி எடுத்திருந்தார். பாகுபாடு கூடாது என்பதற்காக. மேடத்துக்கு வந்த பார்சலை நான்தான் வாங்கி வைத்தேன். அது வெறும் துணி. மாடிப்படியில் நின்றவளின் கழுத்தைச் சுற்றித் தங்க நூல் வேலைப்பாடு மின்னியது.

எங்கள் வாசலில் அந்த நாட்டுப் போலீஸ்காரர் ஒருவர் எப்போதும் காவல் நிற்பார். வேற்று நாட்டுக் கான்சலேட்டுக்குச் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. ஆனால் கான்சல் சம்மதிக்காமல் அவர் கேட்டுக்குள் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. அவர் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி தவித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உள்ள வரட்டுமா? நீங்க சரின்னு சொல்லணும்."

மேடம் மாடியையே பார்த்தார். அந்தச் சுவருக்குள் இருக்கும்வரை ரொகாயாவை யாரும் தொட முடியாது. அவளை மேலே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, என்ன சங்கதி என்று கேட்டிருக்கலாம். முற்றம் முழுக்க அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மேலே நின்றவள் திரும்பி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே பார்த்தாள்.

"ஓ, நீதானா அது? படத்துல கொஞ்சம் சின்னவளா தெரிஞ்ச. எம் புருஷனை வெளிய அனுப்பு!"

மேடம் கேட் பக்கம் திரும்பினார். "வாங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போகும்போது ரொகாயா கத்திக்கொண்டே போனாள்: "அவரை உள்ள ஒளிச்சு வெச்சுட்டுப் போலீஸைக் கூப்பிடுறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

மேடம் மேசைக்குத் திரும்பி, தேங்கிக் கிடந்த கோப்புகளுக்கெல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிக் கோப்பை என்னிடம் நீட்டும்போது, "நல்ல உயரம், இல்ல?" என்றார். அவ்வளவுதான்.

மதியம் காவல் நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டர் எக்காம்பி போன் செய்தார். குண்டான மனிதர். எதையும் சிரிக்காமல் சொல்ல அவருக்கு வராது.

"மேடம், உங்க நாட்டுப் பொண்ணு ஒருத்தி என் காவல்ல இருக்கு. உங்க கான்சலுக்குத் தகவல் சொல்லட்டுமான்னு கேக்கணும், அது எங்க கடமை. கேட்டேன். 'அந்தப் பொம்பளைக்கா? செத்தாலும் வேண்டாம்'னு எழுதியே குடுத்துடுச்சு. ஆனா பிடிச்சதே உங்க வீட்டு முற்றத்துல. அதான் என்ன பண்றதுன்னு தெரியாம கூப்பிட்டேன்."

"வேண்டாம்னு சொன்னா நான் அவளுக்காகத் தலையிடக் கூடாது, இன்ஸ்பெக்டர். சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு" என்றார் மேடம். போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அன்று மதியம் தட்டு நிறையக் கீரையும் வாழைக்காய் வறுவலும் வைத்துச் சாப்பிட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை வந்ததும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தார். பிறகு, "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. நீங்களும் வாங்க, சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்றார்.

"அந்தப் பொண்ணுதான் வேண்டாம்னுடுச்சே, மேடம்?"

"எங்கிட்ட நேர்ல சொல்லட்டும். உறுதி பண்ணிக்கிறது என் கடமை."

கடமை என்ற சொல்லை அவர் வழக்கமாகச் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அது. அந்தப் புண்ணைச் சொறியாமல் அவரால் இருக்க முடியவில்லை.

காவல் நிலையத்துத் தகரக் கூரைமேல் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. எக்காம்பி பேனாவும் படிவமுமாக வந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல், மேடம். பாக்க வர்றவங்களுக்கும் கைதிக்கும் என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. கான்சல்னு எழுதவா, சொந்தம்னு எழுதவா?"

"கான்சல்."

"அது வேற சொல்லுச்சே. 'அவ கான்சல் கிடையாது, என் சக்களத்தி'ன்னு. எங்கப்பாவுக்கும் ரெண்டு பேர்தான், மேடம். ஆனா எங்கம்மா சின்னம்மாவைப் பாக்க ஸ்டேஷனுக்கு வந்து நான் பாத்ததில்ல."

"கான்சல்னே எழுதுங்க" என்றார் மேடம்.

ரொகாயாவை அழைத்துவந்து எதிரே உட்காரவைத்தார்கள். பின்னல் கலைந்திருந்தது. நீல உடையில் சுவரின் பாசி அப்பியிருந்தது. அப்படியும் அவள் அழகாகத்தான் இருந்தாள். மேடம் அதைக் கவனிக்காமல் இல்லை. நான் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். எக்காம்பி போகிற மாதிரி பாவனை செய்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

மேடம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "இந்த ஊர்ல நம்ம நாட்டு மக்களுக்குக் கான்சல் நான். உங்களுக்கு வக்கீல் வேணும்னா ஏற்பாடு பண்ணலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னா..."

"'உங்களுக்கு'வா!" ரொகாயா சிரித்தாள். "நேத்து போலீஸைக் கூப்பிட்டப்ப இந்த மரியாதையெல்லாம் எங்க போச்சு, மேடம்? அதான் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேனே. இன்னொரு தடவ எழுதணுமா?"

"வேண்டாம்னா நான் எழுந்து போகணும். நீ வேண்டாங்கிறவரைக்கும் உனக்காக ஒரு வார்த்தை பேசக்கூட எனக்கு உரிமை இல்ல."

"அப்ப கிளம்புங்க."

மேடம் எழவில்லை. "ஒரு கேள்வி இருக்கு. கேட்டுட்டுப் போறேன்."

"கான்சல் கேக்குறதா, மூத்தவ கேக்குறதா?"

"மூத்தவதான்" என்றார் மேடம்.

"அப்படி வா வழிக்கு. கேளு."

"என்னைப் பத்தி அவர் உங்கிட்ட என்ன சொல்வாரு?"

ரொகாயா அந்தக் கேள்விக்காகவே விமானம் ஏறி வந்தவள் மாதிரி முன்னால் சாய்ந்தாள்.

"என்ன சொல்வாரா? உன்னைப் பத்தித் தவிர வேற என்ன பேசியிருக்காரு அந்த மனுஷன்! சொக்னா படிச்சவ. சொக்னா மந்திரிக்குச் சரிசமமா நின்னு பேசுவா. சொக்னா ஆக்குற மீன் சோறு மாதிரி வருமா. அங்க போயிட்டு வரும்போதெல்லாம் ஒரு சுத்து பெருத்து வர்றாரு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, மடிச்சு அடுக்கி அனுப்புற. ஒரு தடவ பெட்டியைத் திறந்தா குப்புனு சாம்பிராணி வாசம். அத்தனை சட்டையையும் சோப்புத் தண்ணியில முக்கிட்டு நான் குளியலறையிலயே உக்காந்திருந்தேன்."

"எங்க போயிட்டு வரும்போது?"

"எங்கயா? இங்கதான். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, உன் முறைக்கு. போனா ரெண்டு வாரம் ஆளைப் பாக்க முடியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "போன வருஷ ரமலானுக்கும் முன்னாடி வந்தவர் அவர். அதுக்கப்புறம் இந்த ஊர் மண்ணை மிதிக்கல. லந்திங்கைக் கேளு."

ரொகாயா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"ரெண்டு பேரும் சேந்து நாடகம் ஆடுறீங்க."

"உனக்குக் காய்ச்சல்னாரு. உன்னை விட்டு வர முடியாதுன்னாரு. கரு கலைஞ்சுபோச்சுன்னாரு."

"எனக்கா? நான் முழுகாமலே இருந்ததில்லையே!"

"நான் உனக்காக அழுதேன்" என்றார் மேடம். "அழுது முடிச்சதும், நல்லா வேணும்னு நினைச்சேன். ரெண்டையும் செஞ்சேன்."

ரொகாயா நம்பவில்லை. "பொய். நேத்து உன் கேட்டுக்கு எதிர்ல நின்னுகிட்டுதான் அவருக்குப் போன் பண்ணினேன். 'சொக்னா வீட்ல கடலைக் குழம்பு ஊத்திச் சாப்டுக்கிட்டு இருக்கேன்'னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் ஏறினேன். இல்லன்னா எனக்கென்ன பைத்தியமா?"

மேடம் தன் போனை எடுத்தார். எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, மேசை நடுவில் வைத்தார். ரொகாயாவைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"என் ராணி!" என்றது மாபாத்தேயின் குரல். நல்ல குரல், கேட்டால் யாருக்கும் பிடிக்கும். "காலங்காத்தாலயே என் ஞாபகமா?"

"எங்க இருக்கீங்க?"

"வேற எங்க? டக்கார்லதான், நம்ம யோஃப் வீட்ல."

"ரொகாயா எப்படி இருக்கா?"

"அதை ஏன் கேக்குற. பல் வலி. இதோ பக்கத்துலதான் சுருண்டு கிடக்கா. நேத்துலேர்ந்து ஒரே முனகல். பாவம், உன்கிட்டப் பேசுற நிலைமையில இல்ல."

ரொகாயா இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது போனில் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், எங்கள் ஊர்ப் பேச்சே இல்லாத வேறொரு நாட்டு நகரமான அபிஜானின் இழுவையில், "இன்னும் கொஞ்சம் ஊத்தவா, போதுமா?" என்று கேட்டது.

"யாரு அது?" என்றார் மேடம்.

"டி.வி.ம்மா. இவ டி.வி. போட்டுட்டுத்தான் படுப்பா."

"சரி. அவ பல்லுக்குக் கிராம்பு வெச்சு விடுங்க." மேடம் போனை அணைத்தார்.

வாசலில் எக்காம்பி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ரொகாயாதான் முதலில் பேசினாள். "அந்தக் குரலுக்கு என்ன வயசு இருக்கும்?"

"நாப்பது இருக்கலாம்."

"அப்ப உன் வயசு."

"என்னை மாதிரியா இருக்கு அந்தக் குரல்? எனக்கு அப்படி இழுத்துப் பேச வராது" என்றார் மேடம் வெடுக்கென்று.

அதற்கு மேல் ரொகாயாவால் தாங்க முடியவில்லை. மேசைமேல் நெற்றியை வைத்து, குழந்தை மாதிரி, ஊரே கேட்க அழுதாள். மேடத்தைப் பார்த்தேன். இரக்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன், அல்லது உள்ளூர மகிழ்வார் என்று. இரண்டும் இல்லை. போனில் அவள் படத்தைப் பார்க்கும்போது தெரியும் அதே முகம்தான் அவருக்கு இப்போதும் இருந்தது.

ரொகாயா முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "சார், அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. எனக்குக் கான்சல் வேணும்."

"எந்த நாட்டுக் கான்சல்?" என்றார் எக்காம்பி. பழக்க தோஷம். மேடம் பார்த்த பார்வையில் படிவத்தை எடுக்க ஓடினார்.

திரும்பி வந்தபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. "உள்ளதைச் சொல்லிடறேன், மேடம். யாரோ வீட்டுச் சுவர்னா நானே நாலு வார்த்தை திட்டி அனுப்பிடுவேன். இது கான்சலேட். நாளைக்கு எங்க அமைச்சகமே கேக்கும், எதுக்கு ஏறினா, திருடவா, கொளுத்தவா, அரசியலான்னு. பதில் இல்லாம அரசு வக்கீல் விடமாட்டாரு. புகார் இல்லைன்னு மட்டும் நீங்க எழுதினா பத்தாது. ஏன் ஏறினாங்கிறதையும் எழுதணும், உங்க முத்திரையோட."

அந்தக் கடிதம் எக்காம்பியிடம் நிற்காது. இங்கிருந்து இந்த நாட்டுத் தலைநகருக்குப் போகும், எங்கள் தூதரகத்துக்குப் போகும், டக்காரில் வெளியுறவு அமைச்சகத்தின் மேசைகளையெல்லாம் சுற்றும். அங்கே மேடத்தோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர் பதவி உயர்வுக்காகக் காத்திருந்த காலம் அது.

"ஒரு நிமிஷம்" என்று சொல்லி வராந்தாவுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். மழையைப் பார்த்தபடி நின்றார்.

"அவர் கல்யாணச் சேதி வந்த அன்னிக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா, லந்திங்? சாயங்காலம் கான்சல்களுக்கெல்லாம் ஒரு விருந்து. போனேன். வரிசையில நின்னு ஒவ்வொருத்தருக்கா கை குடுத்தேன். உடம்பு எப்படி, பிள்ளைங்க எப்படின்னு விசாரிச்சேன்." மழையில் கையை நீட்டினார். "இவ ஒரு மனுஷனுக்காகச் சுவரேறிக் குதிச்சிருக்கா. கால் ஒடிஞ்சிருக்கும். அதைப் பத்தி அவளுக்குக் கவலையே இல்ல. எனக்கு எரியுது, லந்திங். அவரை எடுத்துக்கிட்டான்னு எரிஞ்சதைவிட அதிகமா எரியுது."

"மேடம், வேற ஏதாவது காரணம் எழுதலாமே. புத்தி சரியில்லைன்னு..."

"அவ சுவர் ஏறிட்டா. நான் இதையாவது எழுதறேன்."

உள்ளே போய் எக்காம்பியின் மேசையிலேயே உட்கார்ந்து தன் கையால் எழுதினார். இந்தப் பெண் என் கணவரின் இரண்டாவது மனைவி. கணவர் என் வீட்டில் இருப்பதாக எண்ணி அவரைத் தேடி வந்தாள். கான்சலேட்டுக்குத் தீங்கு செய்யும் நோக்கம் அவளுக்கு இல்லை. அவர் இங்கே இல்லை. ஓராண்டுக்கும் மேலாக இங்கே வரவில்லை.

எக்காம்பி படித்துப் பார்த்தார். "கடைசி வரி அவசியமா, மேடம்?"

"உண்மைதானே. இருக்கட்டும்." முத்திரையை நான் எடுத்துக் கொடுத்தேன். குத்தினார்.

இரண்டு நாளில் ரொகாயாவை விட்டார்கள். டக்காருக்கு விமானம் வியாழக்கிழமைதான். அதுவரை எங்கே தங்குவது? கான்சலேட் மாடியில்தான். ஏறிக் குதித்து இடித்த அதே கதவை மேடமே திறந்துவிட்டார்.

அந்த நாட்களில் மேலேயிருந்து சண்டைச் சத்தம் வரும் என்று காவலாளி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். சத்தம் எதுவும் வரவில்லை. புதன்கிழமை மதியம் சாப்பிட என்னையும் கூப்பிட்டார்கள். ரொகாயா மீன் சோறு ஆக்கியிருந்தாள். பெரிய தாம்பாளத்தைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்தோம். மேடம் ஒரு கவளம் எடுத்து மென்றார். அடிச்சட்டியில் பிடித்த சோற்றைச் சுரண்டி ருசி பார்த்தார்.

"புளி தனியா போட்டியா?"

"கடைசியில போடணும். அப்பத்தான் மீன் உடையாது."

"அவருக்கு இப்படித்தான் பிடிக்குமா?"

"எங்க பிடிச்சுது? ஒவ்வொரு நாளும் 'சொக்னா கை வராது'ன்னு சொல்லிட்டுத்தான் தட்டை வழிச்சு நக்குவாரு."

"என் வீட்ல உக்காந்தா என் அம்மா சமையல் மாதிரி வராதுன்னு சொல்வாரு" என்றார் மேடம். ரொகாயா சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை. கவளத்தை உருட்டிக்கொண்டே, "இது என்னோடதைவிட நல்லாத்தான் இருக்கு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. "பாத்துப் போ" என்றார் இவர். "வர்றேன், மேடம்" என்றாள் அவள். கடைசிவரை அக்கா என்று கூப்பிடவே இல்லை.

ஊருக்குப் போய் மழைக்காலம் முடிவதற்குள் ரொகாயா மாபாத்தேயிடம் விவாகரத்து வாங்கிக்கொண்டாள். தியெஸ் நகரத்தில் சொந்தமாகத் தலை பின்னும் கடை போட்டாள் என்று கேள்விப்பட்டோம். அந்தக் குரலின் சங்கதியும் தெரியவந்தது. அபிஜானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு விதவை. மாபாத்தே அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை, விடவும் இல்லை. மேடத்தின் பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை. கடிதம்தான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மேடமும் விலகிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் விலகவில்லை. ஜனவரியில் மாபாத்தே நிஜமாகவே துவாலாவுக்கு வந்தார். நான்தான் போய் அழைத்து வந்தேன். வெள்ளை உடை, வாசனைத் திரவியம், பெட்டி நிறைய மேடத்துக்குத் துணிகள். வழியில், "மேடம் கோவமா இருக்காங்களாப்பா?" என்று கேட்டார். "நீங்களே பாத்துக்குங்க" என்றேன்.

மேடம் கோபமாக இல்லை. அபிஜானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டிக்கு வீட்டில் இப்போது யாரும் இல்லை, முறை முழுக்க அவருடையது. இத்தனை நாள் ஏங்கியது கைக்கு வந்துவிட்ட மாதிரிதான் நடந்துகொண்டார். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்கு என்னையும் மேலே அழைத்தார்கள். மாபாத்தே பேச்சில் கெட்டிக்காரர். என்னையே இரண்டு தடவை சிரிக்க வைத்துவிட்டார். அவர் மீனிலிருந்து முள்ளை எடுத்து மேடத்தின் பக்கம் சதையாகத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது மேடம் கேட்டார்:

"ரொகாயா போகும்போது அழுதாளா?"

"அழறதா? அவளா?" மாபாத்தே தலையை ஆட்டினார். "கட்டில், ஆளுயரக் கண்ணாடி, முடி காயவைக்கிற மிஷின், எல்லாத்தையும் வேன்ல ஏத்தினா. ஏத்த வந்த பொண்ணுங்களோட சேந்து ஒரே சிரிப்பு. வண்டி கிளம்பும்போதும் சிரிச்சுக்கிட்டே போனா. எதுக்குச் சிரிச்சான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

மேடத்தின் கை தாம்பாளத்தில் அப்படியே நின்றது.

"எப்படிச் சிரிச்சா?"

"எப்படின்னா?"

"சத்தமாவா, தனக்குள்ளயா?"

"சத்தமாத்தான். தெருவே திரும்பிப் பாத்துச்சு. எனக்குத்தான் மானம் போச்சு. ஏன் கேக்குற?"

மேடம் எழுந்துபோய்க் கை கழுவினார். திரும்பிவந்து சாப்பிட உட்காரவில்லை. ஜன்னல் ஓரமாக நின்றிருந்தார். மாபாத்தே கொஞ்ச நேரம் பேசிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். சொன்ன நாளுக்கு முன்பே ஊருக்குப் புறப்பட்டுப் போனார்.

அந்த வருஷ விடுப்பில் டக்காருக்குப் போனபோது மேடம் விவாகரத்து வாங்கினார். அபிஜான்காரியால்தான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தால் பட்ட அவமானம் என்று தூதரகத்தில் சொன்னார்கள். நான் அந்த மதியம் அந்தத் தாம்பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், அதனால் நான் எதுவும் சொல்லவில்லை.

விடுப்பு முடிந்து வந்தவரை அழைத்துவர விமான நிலையத்துக்குப் போனேன். வழியெல்லாம் நெரிசல். லாரிகளுக்கு நடுவே வண்டி நகராமல் நின்றது.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா, மேடம்?"

"முடிஞ்சுது. நீதிபதி அரை மணி நேரம்கூட எடுத்துக்கல."

வெளியே ஒரு பெண் வறுத்த கடலைப் பொட்டலங்களை ஜன்னலில் நீட்டினாள். மேடம் ஒன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

"கோர்ட்டை விட்டு வெளிய வந்து படிக்கட்டுல நின்னு சிரிச்சுப் பாத்தேன், லந்திங்" என்றார். "சத்தமாவே. போறவங்க ரெண்டு பேர் திரும்பிக்கூடப் பாத்தாங்க. ஆனா அவளுக்கு வந்த மாதிரி வரல."